குரோட்டன், கோலியஸ், கலேடியம், அக்லோனிமா: உங்கள் பால்கனிக்கு எது?

நம் ஊர் நர்சரியில் போய் "குரோட்டன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், இலையில் நிறம் உள்ள எல்லாச் செடியையும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஒரே பெயருக்குள் உச்சி வெயிலில் நிற்கும் புதரும் இருக்கும், நேர் வெயில் பட்டாலே கருகும் செடியும் இருக்கும், வருடத்தில் மூன்று நான்கு மாதம் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் கிழங்கும் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கி வந்து, இரண்டு மாதத்தில் காலித் தொட்டியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் செய்த தவறு பராமரிப்பில் இல்லை. தங்கள் வீட்டு இடத்துக்கு ஒத்துவராத செடியை வாங்கியதுதான் தவறு.

இதை எழுதத் தூண்டியது ஒரு வாசகியின் கேள்வி. "அக்கா, கிழக்குப் பார்த்த பால்கனி. காலையில் ரெண்டு மணி நேரம் வெயில் வரும். வீட்டில் தவழ்ற குழந்தை இருக்கு. மொத்தம் 500 ரூபாய்தான் ஒதுக்கியிருக்கேன். எதை வாங்குறது?" இதே மாதிரி மொட்டை மாடிக்காரர்களும், வெயிலே எட்டிப் பார்க்காத ஹால் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அதனால் சுலபமாகக் கிடைக்கிற நான்கு செடிகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் வெளிச்சம். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் பகல் 12 மணிக்குக் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, ஆனால் ஓரம் மங்கல் என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே நிறச் செடி எதுவும் நிறத்தோடு நிற்காது. கிழக்குப் பால்கனிக்காரர்கள் வெயில் வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ண வேண்டும்.

இரண்டாவது, நான் மிக முக்கியமாக நினைப்பது: இந்த ஒரு செடியிலிருந்து இரண்டாவது செடியை உங்கள் கையால் எடுக்க முடியுமா? எவ்வளவு நாளில்? பூச்சி, மழை, ஊருக்குப் போன பத்து நாள் என்று ஏதாவது ஒன்றில் ஒரு தொட்டி போகத்தான் செய்யும். இன்னொரு தொட்டியில் அதன் பிள்ளை இருந்தால் அந்த ரகம் உங்கள் வீட்டை விட்டுப் போகாது. வாங்கும்போதே இதை யோசிப்பவர்கள் குறைவு.

அப்புறம் தண்ணீர் விஷயத்தில் நாம் செய்யும் தவறை அது எவ்வளவு பொறுக்கும், குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்குச் சரிப்படுமா, விலைச் சீட்டில் எழுதாத செலவு என்ன. இந்த ஐந்துதான்.

## குரோட்டன்: வெயில் உள்ளவர்களுக்கு

நாம் குரோட்டன் என்று சொல்வதன் தாவரவியல் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். இந்தோனேசியத் தீவுகள், மலேசியா, பசிபிக் தீவுகள் பக்கத்துச் செடி. குரோட்டன் என்ற தாவரப் பேரினம் வேறு; சித்த மருத்துவத்தில் பேதி மருந்துக்கு எடுக்கும் நேர்வாளம் அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே குடும்பத்தின் தூரத்துச் சொந்தம்.

இதற்கு வெளிச்சம்தான் சாயம். தினம் நான்கைந்து மணி நேரம் வெயில் படும் இடத்தில் பெட்ரா ரகம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு என்று மாறிக்கொண்டே போகும். அதே செடியை ஹாலுக்குள் வைத்தால் புதிதாக வரும் இலைகள் பச்சையாகத்தான் வரும். உரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. மஞ்சள் புள்ளி தெளித்தது போல இருக்கும் கோல்டு டஸ்ட் ரகம் மட்டும் குறைந்த வெயிலையும் ஓரளவு பொறுக்கும்.

வாங்கி வந்த இரண்டு வாரத்தில் இலை கொட்டும். பலர் இங்கேதான் பயந்து செடியைத் தூக்கி எறிகிறார்கள். நர்சரியின் நிழல்வலைக்குள் இருந்த செடி இடம் மாறியதை உணர்கிறது, அவ்வளவுதான். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பாதி நிழலில் வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினால் தளிர் வந்துவிடும்.

பெருக்குவதற்கு வருவோம். பென்சில் தடிமனுள்ள நுனித் தண்டை 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கலவையில் நட்டால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். ஆனால் நான் நட்டதில் பாதிக்குப் பாதிதான் பிழைத்திருக்கிறது. இலையை மட்டும் நட்டால் வேர் வரும், பல மாதம் பச்சையாகவும் நிற்கும். ஆனால் குருத்து வராது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

குரோட்டனுக்கு நான் சொல்லும் வழி விண்பதியம், அதாவது கிளை தாய்ச்செடியில் இருக்கும்போதே அதில் வேர் விட வைப்பது. ஆடி முதல் ஐப்பசி வரை, காற்றில் ஈரம் இருக்கும்போது செய்யலாம். நுனியிலிருந்து ஓரடி கீழே, இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைச் சுற்றி 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். உள்ளே வழவழப்பாக இருக்கும் மெல்லிய படலத்தையும் கத்தியின் முதுகால் சுரண்டிவிட வேண்டும். அது மிச்சம் இருந்தால் செடி காயத்தை மூடிக்கொள்ளும், வேர் விடாது. பால் வடியும், ஈரத்துணியால் துடையுங்கள். நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரையோ ஸ்பாக்னம் பாசியையோ ஒரு கைப்பிடி வைத்து மூடி, தெளிவான பாலிதீன் தாளைச் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். சாக்லேட் காகிதம் முறுக்கினது போல இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஆறாவது வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் சேமியா மாதிரி சுருண்டு தெரியும். அவசரப்படாதீர்கள். வேர் நாலாபக்கமும் தெரிந்து, நுனி லேசாகப் பழுப்பேறும்போது கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை மட்டும் எடுத்துவிட்டு நாரோடு நடுங்கள். இப்படிச் செய்தால் முதல் நாளே முழுச் செடி கிடைக்கும். தாய்ச்செடியும் வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை விட்டுப் புதராகும். பூங்கொத்துக்கும் மண்டப அலங்காரத்துக்கும் இலை வெட்டிக் கொடுப்பவர்கள் குரோட்டனையே நம்புவது, வெட்ட வெட்டத் துளிர்க்கும் இந்தக் குணத்தினால்தான்.

குறை என்றால், பால். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. எந்தப் பாகத்தையும் வாயில் வைக்கக்கூடாது. வறண்ட மாதங்களில் இலைக்கு அடியில் செம்பேன் என்ற மிகச்சிறிய பூச்சி வரும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

## கோலியஸ்: கையில் காசு குறைவு, ஆசை அதிகம் என்றால்

கோலியஸ் நமக்கு அந்நியம் இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் கற்பூரவல்லி இதன் உறவு. நெல்லை, குமரிப் பக்கம் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கும் உறவுதான். தண்டைத் தொட்டுப் பாருங்கள், நான்கு பக்கமும் சதுரமாக இருக்கும். துளசிக் குடும்பத்துக்கே உள்ள அடையாளம்.

பெருக்குவதில் இதற்கு இணை கிடையாது. நான்கு விரல் நீள நுனியை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வேர். வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரிலேயே நீளமாக வளர விட்டால் மண்ணில் பிடிக்கத் தடுமாறும். டம்ளர் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்; டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

விதையிலும் வரும். ஆனால் தாயின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. பிடித்த நிறம் வேண்டும் என்றால் தண்டுதான்.

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நிழல் என்பது இதற்குப் பொருத்தமான இடம். அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் துவண்டு தலை தொங்கும். அப்போது பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிரும். ஈரமான மண்ணில் மேலும் ஊற்றித்தான் பல செடிகளைக் கொன்றுவிடுகிறோம்.

இதன் மறைவான செலவு உங்கள் நேரம். வாரம் ஒருமுறை நுனி கிள்ள வேண்டும், பூக்கதிர் வந்தால் உடனே எடுக்க வேண்டும். பூக்க விட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டையாகி, செடி கிழவியாகிவிடும். நன்றாகக் கவனித்தாலும் ஏழெட்டு மாதத்தில் தாய்ச்செடி அடியில் மொட்டையாகும். அதற்குள் நுனி வெட்டிப் புதுச்செடி போட்டிருக்க வேண்டும். வளர்ப்பது பிடிக்கும் என்பவர்களுக்கு இது சந்தோஷம், நட்டுவிட்டு மறக்க நினைப்பவர்களுக்குத் தொல்லை.

## கலேடியம்: அழகுக்கு முதலிடம், பொறுமைக்கும்

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வெள்ளைத் தாளில் பச்சை நரம்பு வரைந்தது போல ஒரு ரகம், வெற்றிலை அளவில் இளஞ்சிவப்பாக ஒரு ரகம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலையில் விரல் நிழல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. தென் அமெரிக்கக் காட்டுச் செடி, சேம்பின் குடும்பம்.

வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இது தூங்கும். ஐப்பசி மழை முடிந்து குளிர் தொடங்கும்போது இலை ஒவ்வொன்றாகச் சாய்ந்து மறையும். சில ரகங்கள் நம் சென்னைச் சூட்டில் ஓரிரு இலையோடு நிற்கும். பெரும்பாலானவை முழுதாக உள்ளே போய்விடும். பங்குனி, சித்திரையில் சூடு ஏறிக் கோடை மழை ஒன்று விழுந்ததும் குருத்து சுருட்டின தாளாக மேலே வரும்.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. மார்கழி முழுக்க, செடி வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். தை பிறந்து தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கையில் கூழாக வந்தது, அழுகல் நாற்றத்தோடு. ஐந்து தொட்டியில் நான்கு போயின. மிஞ்சின ஒன்று, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு நான் மறந்துபோன தொட்டி. சொட்டுத் தண்ணீர் படாததால் அது மட்டும் சித்திரையில் முளைத்தது.

இப்போது இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடுகிறேன். தொட்டியை மழை படாத இடத்தில் அப்படியே வைக்கலாம். அல்லது கிழங்கைத் தோண்டி, மண்ணை உதிர்த்து, நிழலில் காயவைத்து, உலர்ந்த நார்த்தூளில் போட்டு வைக்கலாம். தொட்டியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். காலித் தொட்டி என்று வீட்டில் யாராவது கொட்டிவிடுவார்கள்.

பெருக்குவது உறக்கம் கலையும் நேரத்தில். கிழங்கில் முளைக் கண்கள் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டு வாயில் விறகுச் சாம்பல் தடவி, ஒன்றிரண்டு நாள் காயவிட்டு, கண் மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். வெட்டத் தயக்கமாக இருந்தால் நடுவில் உள்ள பெரிய முளையை மட்டும் கிள்ளிவிட்டு முழுதாக நடுங்கள். சுற்றியுள்ள சிறு கண்கள் எழும்பி தொட்டி நிறையும். இலைத் துண்டிலிருந்து வீட்டில் கன்று எடுக்க முடியாது.

சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள்தான் இதன் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும். மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை, இலை கடிக்கும் பூனை உள்ள வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம்.

## அக்லோனிமா: வீட்டுக்குள் வைக்க

பழைய பச்சை-வெள்ளி அக்லோனிமாவை அலுவலக வரவேற்பறைகளில் பார்த்திருப்பீர்கள். இப்போது விற்கும் சிவப்பு ரகங்களின் நிறம் சுமத்ராவின் அக்லோனிமா ரோட்டண்டம் என்ற சிற்றினத்திலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் கிரெக் ஹம்பாலி அதைக் கலந்து உருவாக்கிய பிரைட் ஆஃப் சுமத்ரா இவற்றில் முன்னோடி. பின்னர் தாய்லாந்திலும் கலப்பு ரகங்கள் குவிந்தன.

நேர் வெயில் கூடாது, இலை வெளுத்துக் கருகும். ஜன்னலிலிருந்து மூன்று நான்கடி தள்ளி, பிரகாசமான இடம் போதும். பச்சை ரகம் இன்னும் குறைந்த வெளிச்சத்திலும் வாழும். சிவப்பு ரகத்தை மூலையில் வைத்தால் நிறம் மங்கும். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் இலை நுனி பழுப்பாகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம்.

வளர்ச்சி மெதுவு. அடியில் பக்கக்கன்று வந்து, மூன்று நான்கு இலை விட்டு, தனக்கென்று வேர் வைத்த பிறகு பிரிக்கலாம். அதற்கு ஒரு வருடம்கூட ஆகும். செடி உயரமாகி அடி மொட்டையாகிவிட்டால் தலையை வெட்டித் தனியே நடலாம். மீதித் தண்டைக் கணு கணுவாக நறுக்கி ஈர நார்மேல் படுக்க வைத்தால் சில வாரங்களில் வேரும், இரண்டு மூன்று மாதத்தில் குருத்தும் வரும். பொறுமை வேண்டும், ஆனால் தோல்வி குறைவு. இதிலும் அந்த ஊசிப் படிகங்கள் உண்டு.

## ஒரே பார்வையில்

விலை, நான் வழக்கமாக வாங்கும் நர்சரியில் 6 அங்குலப் பைச் செடிக்குத் தோராயமாக. ரகத்தைப் பொறுத்து மாறும்.

| | குரோட்டன் | கோலியஸ் | கலேடியம் | அக்லோனிமா |
|---|---|---|---|---|
| வெளிச்சம் | 4–5 மணி நேர வெயில் | காலை வெயில், பிறகு நிழல் | வடிகட்டிய வெயில் | வெயில் படாத வெளிச்சம் |
| பெருக்கும் வழி | விண்பதியம் | தண்ணீரில் தண்டு | கிழங்குத் துண்டு | பக்கக்கன்று, தண்டு |
| புதுச்செடி கிடைக்க | 6–8 வாரம் | 2–3 வாரம் | வருடம் ஒருமுறை | 3 மாதம் முதல் 1 வருடம் |
| தண்ணீர் தவறினால் | ஓரளவு பொறுக்கும் | உடனே துவளும் | உறக்கத்தில் ஊற்றினால் அழுகும் | காய்ந்தால் பொறுக்கும், தேங்கினால் அழுகும் |
| குழந்தை, பூனை | பால் ஆகாது | குழந்தைக்குப் பயம் குறைவு, பூனைக்கு வாந்தி வரலாம் | கூடாது | கூடாது |
| விலை (ரூ.) | 80–150 | 30–50 | 100–200 | 200–500 |

## விலைக்கு மேல் ஆகும் செலவு

நர்சரிச் செடி சிலவற்றின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். லாரியில் வர அது வசதி, தொட்டிக்கு அது எமன். அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கரைத்துவிட்டு மாற்ற வேண்டும். அதனால் கலவைக்கும் காசு வைத்துக்கொள்ளுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அக்லோனிமாவுக்கு மண்ணைக் குறைத்து அடுப்புக்கரித் துண்டு சேருங்கள். கட்டி நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்து வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

புதுச் செடியைப் பழைய செடிகளோடு உடனே சேர்க்காதீர்கள். பதினைந்து நாள் தனியே வையுங்கள். ஒரு தொட்டி மாவுப்பூச்சி பத்துத் தொட்டியைக் கெடுக்கும். வந்துவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

வேர்விடும் ஹார்மோன் பவுடர் கட்டாயம் இல்லை. கோலியஸுக்குத் தேவையே இல்லை. குரோட்டன் தண்டுக்கு மட்டும் வாங்கலாம்.

## எந்த வீட்டுக்கு எது

மொட்டை மாடி, வாசல் திண்ணை, மேற்குப் பால்கனி என்றால் குரோட்டன். இன்னும் மலிவாக வேண்டும் என்றால் அகலிஃபாவையும் பாருங்கள். நம் குப்பைமேனியின் சொந்தம், செம்பு நிற இலை, குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும்.

வேலைக்குப் போய் ராத்திரி வரும் ஆட்கள், ஹால் ஜன்னல் மட்டும் உள்ளவர்கள் அக்லோனிமா எடுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் தாங்கும். முதலில் ஒன்றே ஒன்று, அதுவும் அடியில் கன்று எட்டிப் பார்க்கும் தொட்டியாகத் தேடி எடுங்கள். 300 ரூபாயில் இரண்டு செடி வாங்கின கணக்கு.

கலேடியத்தை முதல் செடியாக வாங்க வேண்டாம். பக்கத்தில் வேறு தொட்டி இரண்டு இருக்கும்போது வாங்குங்கள், அது தூங்கும் மாதங்களில் பால்கனி வெறிச்சோடாது. சித்திரை, வைகாசியில் வாங்கினால் ஏழெட்டு மாதம் இலையைப் பார்க்கலாம். கார்த்திகையில் தள்ளுபடியில் கொடுத்தால், கிழங்குக்காக மட்டும் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு என் பதில் கோலியஸ். குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயது. குரோட்டனின் உதிர்ந்த இலைகூடத் தரையில் கிடக்கக்கூடாது, மற்ற இரண்டும் பேச்சுக்கே இல்லை. கோலியஸையும் குழந்தைக்கு எட்டாமல் ஸ்டாண்டில் வையுங்கள், மண்ணை அள்ளித் தின்னும். நான்கு நிறம் எடுத்தால் 160 ரூபாய், 8 அங்குலத் தொட்டி நான்கு 200, நார்த்தூளும் உரமும் 80. மீதி 60 ரூபாய்க்குச் சின்னப் புட்டி வேப்பெண்ணெய். மூன்றாவது வாரம் ஒவ்வொன்றிலும் நுனி கிள்ளித் தண்ணீரில் போடுங்கள், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க நாலு தொட்டி இருக்கும். மாவுப்பூச்சி முதலில் ஒளிவது இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில். கிள்ளும்போதே அங்கே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.